ஊட்டிக் கேரட்டுக்கு எது சீசன்? மலைச் சந்தையில் வாங்கிச் சமைக்க ஒரு விளக்கம்

ஊட்டியில் சீசன் என்றால் ஏப்ரலும் மேயும். செப்டம்பர், அக்டோபர் இரண்டாவது சீசன். இது ஆட்கள் மலையேறி வரும் கணக்கு; தோட்டத்தில் என்ன விளைகிறது என்பதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் சந்தையில் முதலில் கேட்பது, "கேரட் விளையும் ஊரிலேயே கேரட் இந்த விலையா?" என்பதைத்தான். ஒரு மாதம் விலை ஏறியது என்று செய்தி வருகிறது, அடுத்த மாதம் பறிக்கும் கூலிகூடக் கட்டவில்லை என்று செய்தி வருகிறது. படிக்கிறவர்களுக்குக் குழப்பமாக இருப்பது இயல்பு.

கேரட், முட்டைக்கோஸ், பீட்ரூட் மூன்றும் நீலகிரியில் வருடம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடைக்கு நிற்கும். ஆகவே "இப்போது கேரட் உண்டா?" என்ற கேள்விக்கு எந்த மாதமும் ஒரே பதில்தான். இந்த மாதத்துக் கேரட் எப்படிப்பட்டது, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, அதை வைத்து என்ன சமைத்தால் நன்றாக இருக்கும் என்று கேட்டால்தான் பருவம் என்ற சொல்லுக்கே பொருள் வருகிறது.

பருவத்தைத் தீர்மானிப்பவை மூன்று

1. உயரம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். குன்னூர் 1,850 மீட்டரை ஒட்டி. கூடலூர் ஏறக்குறைய 1,000 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் பொதுவாக ஆறு டிகிரி வரை வெப்பம் குறையும். அதனால் ஒரே மாவட்டத்துக்குள் கூடலூரில் மிளகும் இஞ்சியும் வாழையும், ஊட்டியில் உருளையும் கேரட்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் வழியில் பர்லியாறில் மங்குஸ்தானும் துரியனும் காய்க்கின்றன. அதே சாலையில் இன்னும் கொஞ்ச நேரம் ஏறினால் பிளம்ஸ் மரங்கள்.

2. மழை எந்தப் பக்கம் விழுகிறது என்பது. மாவட்டத்தின் மேற்குப் பகுதிகளான தேவாலா, நடுவட்டம், குந்தா பக்கம் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை கொட்டும். கிழக்கே குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. ஊட்டி நடுவில் நின்று இரண்டிலும் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது. ஜூலையில் ஒரு பக்கத்துக் காய் நனைந்து அழுகும்போது மறுபக்கத்துக் காய் நன்றாக வரலாம்.

3. உறைபனி. டிசம்பர், ஜனவரியில் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தாக்கில் இறங்கித் தேங்கும். தலைகுந்தா, காந்தள் போன்ற தாழ்வான இடங்களில் விடியும்போது புல் வெள்ளையாகக் கிடப்பது இதனால்தான். மலைச்சரிவில் பெரும்பாலும் தேயிலை. கேத்தி பாலாடா, முத்தோரை பாலாடா போன்ற பள்ளத்தாக்குத் தரையில்தான் காய்கறி. எனவே பனியின் அடி காய்கறிக்கு அதிகம். அதிகாலையில் ஸ்பிரிங்க்ளர் போட்டு இலைமேல் பனியைக் கழுவி விடுகிறார்கள்.

போகம் என்றால் என்ன

விதைப்பு முதல் அறுவடை வரையிலான ஒரு சுற்றுதான் போகம். சமவெளியில் குறுவை, சம்பா என்பது போல நீலகிரி உருளைக்கிழங்கு விவசாயத்துக்கும் மூன்று பெயர்கள் உண்டு. ஜனவரி, பிப்ரவரியில் பாசன நீரை நம்பி விதைப்பது நீர்போகம். கோடை மழையோடு சேர்த்து ஏப்ரல் வாக்கில் விதைப்பது கார்போகம். ஆகஸ்ட், செப்டம்பரில் விதைப்பது கடைப்போகம். உருளை வளர நான்கு மாதம் வரை ஆகும் என்பதால், விதைத்த மாதத்தோடு நான்கைக் கூட்டினால் சந்தைக்கு எப்போது வரும் என்று நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

விலைச் செய்தியைப் புரிந்துகொள்ளவும் இதே கணக்கு உதவும். கேரட்டும் மூன்றரை, நான்கு மாதப் பயிர். இன்று நல்ல விலை என்று பார்த்துப் பலரும் ஒரே நேரத்தில் விதைத்தால், நான்கு மாதம் கழித்து எல்லோருடைய கேரட்டும் ஒன்றாக வந்து நிற்கும். பயிர் வளர எடுக்கும் காலம் அவ்வளவு. இடையில் மனம் மாறினாலும் மண்ணுக்குள் இருப்பதை மாற்ற முடியாது.

கேரட் எந்த வழியாக வருகிறது

கேரட் தோட்டத்தில் வேலை பல நாட்களில் நள்ளிரவு தாண்டியே தொடங்கிவிடும். காட்டெருமையும் கரடியும் நடமாடும் இடத்தில், டார்ச் வெளிச்சத்தில் பிடுங்கி, இலையைத் திருகி எறிந்து, மூட்டை கட்டுகிறார்கள். அங்கிருந்து கழுவும் இயந்திரத்துக்கு. பெரிய உருளைக்குள் கேரட்டைக் கொட்டித் தண்ணீர் பாய்ச்சிச் சுழற்றுவார்கள்; ஒன்றோடொன்று உரசி மண் போய், பளபளவென்று ஆரஞ்சு நிறத்தில் வெளியே விழும். காலை ஏலத்துக்கு லாரி மேட்டுப்பாளையம் இறங்க வேண்டும். இத்தனை அவசரமும் அதற்காகத்தான்.

மேட்டுப்பாளையம் மண்டிகள்தான் மலைக்காய்க்கு வாசல். நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் 1935இல் தொடங்கியது முதல் மலை விவசாயிகளின் விளைச்சலை விற்றுத் தருகிறது. தனியார் மண்டிகளும் நிறைய. அங்கே விலை போடும்போது ஊட்டிக் கேரட் கர்நாடகக் கேரட்டோடும், ஊட்டி உருளை குஜராத், கோலார் உருளையோடும் நிற்கிறது. வடக்கே உருளை அமோகமாக விளைந்தால் கேத்தியில் ஒருவருக்கு விலை இறங்குவது இப்படித்தான். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, கமிஷன், லாரி வாடகை எல்லாம் இந்த வழியில்தான் சேர்கின்றன.

உழவர் சந்தை இந்தச் சுற்றைக் குறைக்க வந்த ஏற்பாடு. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் சந்தை திறக்கப்பட்டது. அடையாள அட்டை பெற்ற விவசாயி தன் விளைச்சலை நேராகக் கொண்டுவந்து விற்கலாம். கடைக்கு வாடகை கிடையாது, தராசும் அங்கேயே தருவார்கள். மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் நடுவில் ஒரு விலையை நிர்ணயித்து, காலையில் பலகையில் எழுதிப் போடுவார்கள். ஊட்டியில் சேரிங்கிராஸ் அருகேயும், குன்னூர், கோத்தகிரியிலும் இந்தச் சந்தைகள் இருக்கின்றன.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தக்காளி, சின்ன வெங்காயம், கத்திரி, முருங்கை எல்லாம் பெரும்பாலும் கீழிருந்து மலையேறி வருபவை. மலைச் சந்தையில் நின்றுகொண்டு கோயம்புத்தூர் சமையலுக்குரிய பட்டியலை வாங்கினால் விலை கூடத்தான் செய்யும். ஏப்ரல், மே மாதங்களில் ஓட்டல்களும் விடுதிகளும் காலையிலேயே மொத்தமாக எடுத்துக்கொள்வதால் மலையில் விளைந்ததற்கும் கிராக்கி. முதலில் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்: விளையும் ஊர் என்பதற்காக மட்டும் விலை இறங்காது. என்ன வாங்குகிறோம், எப்போது வாங்குகிறோம் என்பதில் இருக்கிறது.

கையில் எடுத்துப் பார்ப்பது

கேரட்டிலிருந்து தொடங்கலாம். கழுவிய கேரட் பார்க்க அழகு, ஆனால் இயந்திரத்தில் உரசியதில் மேல்தோல் சிராய்ந்திருக்கும். காய்ந்தால் வெள்ளைப் பூத்தது போலாகும், ஈரத்தோடு பையில் கட்டினால் சீக்கிரம் அழுகும். மண் ஒட்டிய கேரட் கிடைத்தால் அதையே வாங்குங்கள். சமைக்கும் நேரத்தில் கழுவினால் போதும். இலையோடு வாங்கினால் வீட்டுக்கு வந்ததும் இலையைக் கிள்ளிவிட வேண்டும். இலை தன் ஈரத்துக்கு வேரைத்தான் உறிஞ்சும், இரண்டே நாளில் கேரட் தொய்ந்துவிடும்.

பனிக்காலக் கேரட்டின் ருசி தனி. குளிர் கூடும்போது செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சர்க்கரையைச் சேர்த்து வைக்கிறது. சர்க்கரை கரைந்த நீர் எளிதில் உறையாது. மேலே இலை கருகி நின்றாலும் மண்ணுக்குள் வேர் இனிப்பாகிக்கொண்டிருக்கும். ஜனவரியில் கிடைக்கும் அந்தக் கேரட்டுக்கு எலுமிச்சையும் உப்பும் போதும். அல்வா கிண்டினால் வழக்கமான சர்க்கரையில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் தண்ணீரைச் சட்டென்று குடித்து வெடித்த கேரட் வரும். விலை குறைவாகக் கேட்பார்கள். அது பச்சையாகத் தின்ன ஏற்றதல்ல. சாம்பாருக்கும் கூட்டுக்கும் சூப்புக்கும் தாராளமாக ஆகும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பிளம்ஸ், பேரிக்காய், வெண்ணெய்ப் பழம் மூன்றும் பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை விடும். அதே பையில் கேரட்டையும் போட்டு வைத்தால் கேரட் கசக்கத் தொடங்கும். மே, ஜூன் மாதங்களில் பிளம்ஸும் கேரட்டும் ஒன்றாக வாங்கிப் போகிறவர்கள், "ஊட்டிக் கேரட் கசக்கிறது" என்று சொல்வதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். இரண்டு துணிப்பை கொண்டுபோங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை என்பதால் எப்படியும் பை வேண்டும்.

உருளைக்கிழங்குக்குக் கட்டைவிரல் சோதனை போதும். தோலைத் தேய்த்தால் உரிந்து சுருள்கிறதா? அது இளங்கிழங்கு. மாவு குறைவு, வெந்தாலும் வடிவம் குலையாது. குழம்புக்கும் முழுசாக வறுப்பதற்கும் நல்லது. தோல் உரியாமல் இறுகி நிற்கிறதா? அது முற்றிய கிழங்கு. மசியலுக்கும் போண்டாவுக்கும் எடுக்கலாம். பச்சை ஓடிய கிழங்கைத் தவிர்க்க வேண்டும். வெளிச்சம் பட்டுப் பச்சையாகும்போது சோலனின் என்ற நச்சும் கூடவே ஏறும், கசப்பு அதன் அறிகுறி.

மலையில் குடியிருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: எட்டு டிகிரிக்குக் கீழே போனால் உருளையின் மாவு சர்க்கரையாகத் தொடங்கும். அதனால்தான் உருளையை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம் என்கிறார்கள். டிசம்பர் இரவில் ஊட்டி வீட்டின் வெளிச்சுவரை ஒட்டிய தரையே ஃபிரிட்ஜ் மாதிரி ஆகிவிடுகிறது. அங்கே மூட்டை கிடந்தால் வறுக்கும்போது உள்ளே வேகும் முன்பே வெளியே கருத்துவிடும். அடுப்பங்கரையில் கதகதப்பான, இருட்டான மூலைக்கு மாற்றி ஒன்றிரண்டு வாரம் வைத்தால் சர்க்கரையில் ஒரு பங்கு திரும்ப மாவாகும்.

பச்சைப் பட்டாணிக்கு இதற்கு நேர் எதிரான கதை. பறித்த சில மணி நேரத்திலிருந்தே அதன் சர்க்கரை மாவாக மாறிக்கொண்டிருக்கும், வெயிலில் இன்னும் வேகமாக. சென்னைக்குப் போய்ச் சேரும்போது அது வேறு காய். ஆகவே மலையில் இருக்கும் நாளில் பட்டாணி கிடைத்தால் அன்றே உரித்து அன்றே சமைப்பதுதான் நியாயம். கொஞ்சம் நெய், சீரகம், உப்பு. மசாலா எதுவும் வேண்டாம்.

அடுப்பில் என்ன மாறுகிறது

"மலையில் பருப்பு வேகாது" என்று சொல்வார்கள். சொல்வது சரி, காரணத்தைப் பார்ப்போம். உயரம் கூடினால் காற்றழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். சென்னையில் 100 டிகிரி. குன்னூரில் சுமார் 94. ஊட்டியில் 92, 93. தீயை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் ஏறாது, தண்ணீர்தான் வற்றும்.

குக்கர் இதைச் சரிசெய்கிறது, ஆனால் முழுசாக அல்ல. விசில் குண்டு வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் ஒரு குறிப்பிட்ட அளவைத்தான் கூட்டும். வெளியழுத்தமே குறைவாக இருப்பதால், கீழே 120 டிகிரி வரும் குக்கருக்குள் ஊட்டியில் 116 டிகிரி அளவுக்குத்தான் வரும். இரண்டு விசில் கூடுதலாக விடச் சொல்வது இதற்காக. இதிலிருந்து சமையலுக்கு மூன்று முடிவுகள்:

1. புளியையும் தக்காளியையும் கடைசியில் சேருங்கள். காயின் செல்களை ஒட்டவைக்கும் பெக்டின் கரைந்தால்தான் காய் குழையும். புளிப்பு அதைத் தடுக்கும். கொதிநிலையே குறைந்த இடத்தில் புளித்தண்ணீரில் நேராக உருளையைப் போட்டால் அரைமணி நேரம் ஆனாலும் கடுக்கென்று நிற்கும்.

2. ராஜ்மா வகைகளை அரைவேக்காட்டில் விடக் கூடாது. அவற்றில் இயல்பாக இருக்கும் லெக்டின் சரியாக வேகாவிட்டால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரை கொண்டுவிடும். இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் வேகவிடுவதே பாதுகாப்பு.

3. முட்டைக்கோஸை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். நேரம் கூடக் கூடக் கந்தக வாடை எழும். மெல்லிசாக நறுக்கி, மூடாமல், பெரிய தீயில் ஐந்து நிமிடம். மலையானாலும் அவ்வளவுதான்.

நீலகிரியில் வாழும் படுகர் மக்களின் வீடுகளில் சமைக்கும் அவரை உதக்கவைப் பார்த்தால் இந்த விஷயங்கள் பலவும் பழக்கமாகவே இருப்பது தெரியும். உதக்க என்றால் குழம்பு. அவரை விதையும் உருளையும் சேர்த்து நிதானமாக வேகவிட்டு, வீட்டில் அரைத்த மசாலாப் பொடி போட்டு இறக்குவார்கள். எல்லாம் தோட்டத்தில் விளைவது. கீழிருந்து வந்தே ஆக வேண்டிய காய் அதில் கிடையாது. ராகிக் களியோடு சாப்பிடும்போது குளிருக்கு அதைவிடப் பொருத்தமான சாப்பாடு எனக்குத் தெரியவில்லை.

மாதங்களைத் தோராயமாக

மே, ஜூன் குன்னூர் பிளம்ஸ். புளிப்பான காயைப் பச்சடிக்கும் ஊறுகாய்க்கும் எடுக்கலாம். தக்காளி விலை ஏறியிருந்தால் ரசத்துக்கே ஆகும். ஜூலைக்கு மேல் பேரிக்காய். ஊட்டிப் பேரி கடினமானது, அதைப் பழுக்கவைக்கப் போராட வேண்டாம். துருவி மாங்காய் போலத் தாளித்தால் போதும். மேரக்காய் என்று மலையில் சொல்லும் சௌசௌ, மழைக்காலத்தில் குவியும், பாசிப்பருப்புக் கூட்டுக்கு ஆகும். புதுப் பூண்டு வந்ததும் அப்படியே டப்பாவில் அடைக்கக் கூடாது, ஈரம் போகக் கட்டித் தொங்கவிட வேண்டும். பழனி மலையில் விளையும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நீலகிரிப் பூண்டும் காரத்தில் சளைத்ததல்ல. நசுக்கி ஐந்து நிமிடம் விட்டுவிட்டு எண்ணெயில் போட்டால் அந்தக் காரமும் மணமும் முழுசாக வரும்.

புரோக்கோலி, லெட்யூஸ், செலரி, லீக்ஸ் போன்ற இங்கிலீஷ் காய்கறிகள் பெருநகர ஓட்டல்களைக் குறிவைத்து விளைபவை. சந்தையில் மிச்சம் மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம்.

நாம் எதை வாங்குகிறோம் என்பது தோட்டத்தை எப்படித் தொடுகிறது

எல்லோரும் கேரட், பீன்ஸ், உருளை மூன்றை மட்டுமே கேட்கிறோம். இதன் விளைவு விலையோடு நிற்பதில்லை, மண் வரை போகிறது.

1961இல் நீலகிரியில் உருளைக்கிழங்கு முட்டைக்கூட்டு நூற்புழு கண்டறியப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத இந்தப் புழு வேரைத் தாக்கும். பெண்புழு செத்த பிறகு அதன் உடலே முட்டைகள் நிறைந்த கூடாக இறுகி, பல வருடங்கள் மண்ணில் காத்திருக்கும். மறுபடி உருளை விதைத்தால் வேரிலிருந்து கசியும் பொருளை உணர்ந்து முட்டைகள் பொரியும். 1971 முதல் நீலகிரியிலிருந்து விதை உருளையை வெளியே கொண்டுபோகத் தடை இருப்பது இதனால்தான். முத்தோரையில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் உழைப்பால் குஃப்ரி சுவர்ணா போன்ற எதிர்ப்புத் திறன் உள்ள ரகங்கள் வந்தன. ஆனாலும் ரகம் மட்டும் போதாது, பயிர்ச்சுழற்சி வேண்டும். ஒரு போகம் உருளை போட்ட இடத்தில் அடுத்தடுத்த போகங்களில் முட்டைக்கோஸ், முள்ளங்கி, டர்னிப் கிழங்கு, பூண்டு, பீன்ஸ், கேரட் என்று மாற்றிப் போட்டால் உணவு கிடைக்காமல் புழுவின் எண்ணிக்கை குறையும்.

சரி, சுழற்சிக்காக டர்னிப் போட்ட விவசாயி அதை யாரிடம் விற்பார்? நூல்கோலும் டர்னிப்பும் கேட்பாரற்றுக் கிடந்தால் அடுத்த முறை அவர் உருளைக்கே திரும்புவார். விவசாயியைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. அவர் மாற்றிப் போடுவதற்கான இடம் நம் அடுப்பில்தான் இருக்கிறது.

டர்னிப்பைப் பொறுத்தவரை வாங்கத் தயங்குவதற்குக் காரணம் அதன் லேசான கசப்பு. உள்ளங்கைக்குள் அடங்கும் சிறியதாக, தூக்கினால் கனமாக இருப்பதை எடுங்கள். பெரியது நார் ஓடியிருக்கும். தோலைத் தடிமனாகச் சீவ வேண்டும், கசப்பு பெரும்பாலும் அங்கேதான். சதுரமாக நறுக்கி உப்புத் தண்ணீரில் ஒரு கொதி விட்டு வடித்து, வேகவைத்த பாசிப்பருப்போடு சேர்த்து, தேங்காய், சீரகம், பச்சைமிளகாய் அரைத்து ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். இலை வாடாமல் வந்திருந்தால் அதையும் பொடியாக அரிந்து கடைசி இரண்டு நிமிடத்தில் போடலாம். கடுகு, பூண்டு தாளித்து இறக்கினால் சூடான சோற்றுக்கு நாலு பேருக்குத் தாராளமாக வரும்.